பெயின்ட் அடிக்காதீர்கள், ஓட்டுங்கள்: பெரியப்பாவின் ராலே சைக்கிளோடு

பழைய சைக்கிள் கையில் கிடைத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் பெயின்டைப் பற்றித்தான். எங்கே அடிக்கலாம், பவுடர் கோட்டிங் செய்யலாமா, தங்கக் கோடு போட ஆள் கிடைக்குமா என்று கேட்பார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று. பெயின்டில் கை வைக்காதீர்கள், முதலில் வண்டியை ஓடவையுங்கள். ஆறு மாதம் ஓட்டிய பிறகும் பெயின்ட் அடிக்கத் தோன்றினால் அப்புறம் பேசலாம். நன்றாக ஓட்டியவர்கள் யாரும் அதற்குப் பிறகு பெயின்ட் கேட்டு வந்ததில்லை.

என்னிடம் இருப்பது இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் செய்த ராலே. 24 அங்குல ஃப்ரேம், 28 அங்குல வீல், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் கம்பி பிரேக், செயினை முழுக்க மூடும் கவர், பின் வீலின் நடு உருளைக்குள்ளேயே மூன்று கியரும் அடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப். பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார். கும்பகோணத்தைச் சுற்றி எந்த ஊருக்கு மாற்றலானாலும் இதில்தான் போய்வந்தார். அவர் காலமான பிறகு வண்டி மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் சாத்தியபடியே கிடந்தது. நான் கேட்கப் போனபோது பெரியம்மா ஒரு நிபந்தனை வைத்தார். "ஓட்டுறதுன்னா எடுத்துட்டுப் போப்பா. கூடத்துல நிறுத்திவச்சு அழகு பாக்கறதுன்னா இங்கேயே நிக்கட்டும்." அந்த நிபந்தனையின்படியே இன்றுவரை வைத்திருக்கிறேன். ஓட்டுவதற்கு எது தேவையோ அதைச் செய்வேன். மற்றதைத் தொடமாட்டேன்.

பெயின்டை ஏன் தொடக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ராலேயின் கறுப்பு, சூளையில் வைத்துச் சுட்ட எனாமல். அதற்கடியில் துரு பிடிக்காமலிருக்க ஒரு பாஸ்பேட் பூச்சும் உண்டு. எழுபது வருடம் மாட்டுக்கொட்டகை ஈரத்தைத் தாங்கிய பூச்சு அது. இன்றைக்கு ஸ்பிரே கன்னில் அடிக்கிற பெயின்ட் அவ்வளவு காலம் நிற்காது. மட்கார்டு ஓரத்துத் தங்கக் கோடும் ஃப்ரேமில் ஒட்டியிருக்கும் எழுத்துகளும் ஒருமுறை போனால் போனதுதான். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். காய்ந்ததும் காருக்குப் போடும் மெழுகு பாலிஷ் கொஞ்சம் போதும். தின்னரும் பெட்ரோலும் அந்த எழுத்துகளின் பக்கமே போகக்கூடாது. குரோமியம் பூசிய ஹேண்டில்பாரில் துருப்புள்ளி இருந்தால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாமல் துரு மட்டும் வரும்.

வண்டியின் வயதைக் கண்டுபிடிக்கப் பலர் ஃப்ரேம் நம்பரோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருந்தால் அந்தச் சிரமமே இல்லை. ஹப்பின் உருளையில் படிந்திருக்கும் கறுப்பு மெழுகை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் முத்திரை தெரியும். 'ஏ டபிள்யூ' என்ற மாடல் எழுத்துகள், பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் வருடம், அதற்குப் பிறகு மாதம். பெரியப்பாவின் வண்டியில் 54 என்று இருக்கிறது. வீலை யாராவது இடையில் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு தப்பலாம். ஆனால் முன் வீலில் 32 போக்ஸ் கம்பி, பின் வீலில் 40 போக்ஸ் என்று இருந்து, நட்டுகளும் ராலே முத்திரையோடு இருந்தால் பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கிற வண்டி என்று நம்பலாம். பின் வீலில்தான் ஆளின் எடையும் கேரியர் மூட்டையும் இறங்குகிறது, அதனால்தான் அங்கே எட்டு போக்ஸ் அதிகம். நம் ஊர் வண்டிகளும் அதே கணக்கைத்தான் பின்பற்றின. பெடல் பக்கத்துப் பல்சக்கரமும் அடையாளம் சொல்லும். ராலே என்றால் கொக்குத் தலைகள், ஹம்பர் என்றால் ஓடும் மனித உருவங்கள், பி.எஸ்.ஏ. என்றால் அந்த மூன்று எழுத்துகள். ஹம்பரின் முன் ஃபோர்க் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இருக்கும். அது அழகான வேலை.

விற்பவர்கள் 'மேட் இன் இங்கிலாந்து' என்று சொல்லி விலையை ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ராலே பெயரில் நம் நாட்டில் ஓடிய வண்டிகள் எல்லாமே நாட்டிங்ஹாமிலிருந்து வந்தவை அல்ல. வங்காளத்தில் அசன்சோலில் சென் ராலே தொழிற்சாலை அதே பெயரில் வண்டி செய்தது. சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸை இங்கேயே செய்தது. ஓட்டுவதற்கு அசன்சோல் ராலேயும் அம்பத்தூர் ஹெர்குலிஸும் எந்த விதத்திலும் மட்டமில்லை. வெறும் முன்பக்கப் பட்டயத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்காதீர்கள். பட்டயத்தை எந்த வண்டியிலும் ஒட்டலாம்.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்பதைத்தான். ஒரு நூல் போதும். பின் அச்சு மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்பக்க ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பின் அச்சு இடத்துக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, ஹேண்டில் குழாயையொட்டிக் கீழே சாயும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். எங்காவது மோதிய வண்டியென்றால் அந்த இடத்தில் உலோகம் லேசாகப் புடைத்து, பெயின்ட் சுருங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லர் அசைகிறதா என்றும் பாருங்கள். வருடக்கணக்காக இறுகிப்போன பில்லரை எடுப்பது பெரிய பாடு. டயர் இல்லை, செயின் துரு, சீட் கிழிசல் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. இவையெல்லாம் மாற்றக்கூடியவை.

இனி கோட்டர் பின். பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் தண்டை நடு அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற சின்ன இரும்பு ஆப்பு அது. பழைய சைக்கிள் வைத்திருப்பவர் ஒரே ஒரு வேலையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால், இதைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். பெடல் மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று காலில் ஒரு தட்டல் தெரிந்தால் கோட்டர் பின் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். தளர்ந்த பின்னோடு ஓட்டினால் கிராங்கின் ஓட்டை முட்டை வடிவில் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பின் போட்டாலும் நிற்காது. பின் விலை டீக்காசு, ராலே கிராங்க் இனிமேல் கிடைக்கவே கிடைக்காது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். பல கடைகளில் கோட்டர் பின்னைக் கழற்றும்போது கிராங்க் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், மேலிருந்து சுத்தியல் விழும். அந்த அடி பின்னில் பாதி இறங்கினால், மீதி உள்ளேயிருக்கும் பால்ரஸ் குண்டுகளிலும் அவை உருளும் கப்பிலும் போய் இறங்கும். கப்பில் குழி விழும். பாய் அப்படிச் செய்யமாட்டார். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே நுழைகிற அளவுக்கு ஓட்டையுள்ள கனமான இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்துவார். நட்டை முழுக்கக் கழற்றமாட்டார். நட்டின் மேல்முகமும் பின்னின் முனையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை மட்டும் திருப்புவார். அப்போதுதான் அடி மரையில் விழாது. முந்தின நாள் ராத்திரியே கொஞ்சம் டீசல் விட்டு ஊறவைத்திருப்பார். பிறகு ஒரே அடி. "அடி ஒண்ணுதான் தம்பி. அது மெதுவா இருக்கக் கூடாது, பயந்தும் இருக்கக் கூடாது. முட்டு சரியா இருந்தா ஒண்ணு போதும்" என்பார். அந்தக் குழாய்த் துண்டைப் போலவே ஒன்றை நானும் வெட்டி வைத்திருக்கிறேன்.

புதுப் பின் போடுவதிலும் நிதானம் வேண்டும். கடையில் வாங்கும் பின்னின் சாய்ந்த முகம் அப்படியே பொருந்தாது. லேசாக உள்ளே தட்டி, வெளியே எடுத்து, எங்கே உரசிய தடம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவ வேண்டும். முகம் முழுக்கச் சமமாகத் தடம் விழும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிராகப் போக வேண்டும் என்பது முக்கியம். ஒரு கிராங்கின் நட்டு மேலே பார்த்தால் மற்றதன் நட்டு கீழே பார்க்க வேண்டும். மாறிப்போனால் இரண்டு பெடலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது, கொஞ்சநாளில் முழங்கால் வலி சொல்லும். நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கவும் கூடாது. அடித்து உட்காரவைத்த பின்னை அங்கேயே பிடித்து வைப்பதுதான் நட்டின் வேலை. முதல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப ஒரு அடி, திரும்ப ஒரு முறுக்கு. அதன்பிறகு வருடக்கணக்கில் பேசாது.

கிராங்கைக் கழற்றியது கழற்றியாகிவிட்டது, உள்ளேயும் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கால் அங்குலக் குண்டுகள், பக்கத்துக்குப் பதினொன்று. ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பாரம் புதிய குண்டுகளில் மட்டும் ஏறும். கப் மட்டும் வேறு கதை. ராலே தன் வண்டிகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்ற இங்கிலீஷ் வண்டிகளுக்கு 24. கடையில் தொங்குகிற சாதாரணக் கப்பை ராலேயில் திருகினால் இரண்டு சுற்றோடு நிற்கும். அதற்குமேல் ஸ்பேனர் போட்டு வலுக்கட்டாயமாகத் திருகினால் ஃப்ரேமின் மரை போய்விடும். ஆகவே பழைய கப் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதையே வைத்துக்கொள்வது மேல். இப்படி ஃப்ரேம் கெட்டுப்போன வண்டிகளைக் கண்ணால் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

டயர் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 28 x 1½ டயர் நம் ஊர் சைக்கிள் கடைகளில் இன்றும் கொக்கியில் தொங்குகிறது. பால்காரரும் இளநீர்க்காரரும் இன்னும் அந்த அளவு வண்டிதான் ஓட்டுகிறார்கள். இங்கிலாந்தில் இதே வண்டி வைத்திருப்பவர்கள் இந்த டயருக்காக அலைய வேண்டியிருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். புது மாடல் சைக்கிள் டயரிலும் '28' என்று அச்சிட்டிருப்பார்கள். அது 622 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. நம் பழைய வண்டியின் ரிம் 635. பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த மூன்று இலக்க எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பஞ்சருக்கு இந்த வண்டியில் வீலைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றவும் கூடாது. பின் வீலைக் கழற்றினால் பிரேக் கம்பி, செயின் கவர், கியர் சங்கிலி என்று எல்லாவற்றையும் கலைத்துப் பிறகு அடுக்க வேண்டும். நம் ஊர்க் கடைக்காரர்கள் செய்வதுபோல டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளியே உருவி, தண்ணீர்த் தட்டில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கேயே அரம் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிடலாம். காற்று மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால், பஞ்சரைத் தேடுவதற்கு முன் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். சின்ன ரப்பர்க் குழாய்தான், வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். என் சீட்டுக்கடியில் தொங்கும் தோல் பையில் எப்போதும் ஒரு முழ நீளம் வால்டியூப் இருக்கும்.

பிரேக்கைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கம்பி பிரேக் பார்க்க அழகு. கேபிள் போல அறுந்துபோகாது, ஒழுங்காக வைத்திருந்தால் காலம் முழுக்க உழைக்கும். ஆனால் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். காய்ந்த ரோட்டில் நிற்கிற தூரத்தில் மழையில் நிற்காது. இதற்கு மருந்து கிடையாது, பழக்கம்தான். மழைநாளில் தேவைக்கு வெகுமுன்பே லேசாகப் பிடித்து ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகு அழுத்துவேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டி ஓட்டவே மாட்டேன். வீலில் கோட்டம் இருந்தாலும் இந்த வண்டியில் உடனே தெரியும். இதில் கட்டை ரிம்மின் உள்வட்டத்தை, அதாவது அச்சைப் பார்க்கும் முகத்தைத்தான் அழுத்துகிறது. அதனால் பக்கவாட்டு ஆட்டத்தைவிட மேலும் கீழும் துள்ளுகிற கோட்டம்தான் பிரேக்கைக் கெடுக்கும். கோட்டம் எடுக்கக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் இதைச் சொல்லியே கொடுங்கள்.

மூன்று கியர் ஹப் நம் ஊரில் அபூர்வம். பெரும்பாலான வண்டிகள் ஒற்றை ஃப்ரீவீலோடுதான் ஓடின. கிடைத்திருந்தால் விடாதீர்கள். ஏ டபிள்யூ ஹப் 1936-ல் வந்தது. இரண்டாம் கியரில் பல்சக்கரம் சுற்றுகிறபடியே வீல் சுற்றும். முதல் கியரில் முக்கால் பங்கு, மூன்றாவதில் ஒன்றேகால் பங்குக்கும் கொஞ்சம் அதிகம், கணக்காகச் சொன்னால் மூன்றுக்கு நான்கு. இதற்குள் இருக்கிற பல்சக்கரங்கள் கெட்டுப்போய் நான் பார்த்ததே இல்லை. கெடுவது சரிப்படுத்தாமல் ஓட்டுவதால்தான். இரண்டாம் கியரில் வைத்துவிட்டு, வலதுபக்க அச்சு நட்டிலுள்ள ஓட்டை வழியாகப் பாருங்கள். கியர் கேபிளின் குட்டிச் சங்கிலி மாட்டியிருக்கும் சின்னக் கம்பியின் தோள், அச்சின் முனையோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கியர் பிடிக்காத ஓர் இடம் வரும். எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் அது வந்தால் பெடல் சட்டென்று கீழே போய்விடும், ஆள் பாரில் விழுவார். ஆகையால் சரிபார்க்காத ஹப்போடு எழுந்து நின்று மிதிக்காதீர்கள். கியர் மாற்றும்போது ஒரு கணம் மிதிப்பதை நிறுத்துங்கள்.

கேபிள் அறுந்தால் ஹப் தானாக மூன்றாம் கியரில் போய் நின்றுவிடும். எதிர்க்காற்றில் அது பெரிய வேதனை. அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் இழுத்து, ஒரு கம்பித் துண்டால் ஃப்ரேமோடு கட்டிவிட்டால் இரண்டாம் கியரிலேயே வீடு வந்து சேரலாம். எண்ணெய் விடுவதற்கு ஹப்பின் மேல் சின்ன மூடி உண்டு. மாதம் ஒருமுறை மெல்லிய மெஷின் ஆயில் ஒரு தேக்கரண்டி விட்டால் போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டுவிடாதீர்கள். தாவர எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகி உள்ளேயிருக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கொக்கி பிடிக்கவில்லை என்று கொண்டுவரப்பட்ட ஒரு ஹப்பை பாய் மண்ணெண்ணெயில் ஊறவைத்ததைப் பார்த்தேன். மறுநாள் காலை புது ஹப் மாதிரி 'டிக் டிக்' என்றது. ஸ்டர்மி ஆர்ச்சரின் இங்கிலாந்துத் தொழில் 2000-ல் தைவான் நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் இந்தச் சங்கிலியும் சில உதிரிகளும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் சீட் என்றால் எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், தொய்ந்துவிடும். தோலுக்கென்று விற்கும் மெழுகை வருடத்துக்கு இரண்டு தடவை மெல்லிசாகத் தடவுங்கள். மூக்குக்கு அடியிலிருக்கும் நட்டைத் தொய்வு தெரிந்தால் மட்டும் கால் சுற்று திருப்புங்கள், அவ்வளவுதான். மழையில் நனையவிடாதீர்கள்.

ஓட்டுகிற சுகத்தைச் சொல்லாமல் இதை எழுதி என்ன பயன்! வண்டி 20 கிலோவை ஒட்டி இருக்கும். கிளம்பும்போது அந்த எடை தெரியும், கிளம்பிய பிறகு அதுவே கூட ஓடிவரும். முதுகு நிமிர்ந்து உட்காரலாம். வயல், வாய்க்கால், எதிரே வருபவர் முகம் எல்லாம் தெரியும். செயின் முழுக்க மூடியிருப்பதால் வேட்டி கட்டிக்கொண்டே ஓட்டலாம், ஓரத்தில் ஒரு சொட்டு மசி படாது. பெரியப்பா வெள்ளை வேட்டியோடு எப்படி இருபது மைல் போய்வந்தார் என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

எனக்குப் பிடித்த பாதை கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு. காவிரியை ஒட்டியே போகும் ரோடு, ஏற்றமே கிடையாது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் வழக்கப்படி திறந்துவிட்டால், ஆனி கடைசியில் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆடி பிறந்துவிட்டால் மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். திருவையாறு மேற்கே இருப்பதால் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். வெயில் ஏறினால் காற்றும் ஏறும் என்பதால் விடியும் முன் கிளம்பிவிடுவது நல்லது. அந்த நேரத்தில் முதல் கியரில் போட்டுவிட்டு அவசரப்படாமல் மிதித்துக்கொண்டே போவேன். இந்த வண்டியை வேகமாக மிதித்துப் பிரயோஜனம் இல்லை. ஃப்ரேமின் சாய்வும் அகலமான ஹேண்டில்பாரும் நிதானத்துக்காகச் செய்தவை. நாம் வேகத்தைக் கேட்டால் அது மூச்சைத்தான் வாங்கும். தினமும் காலை பத்து கிலோமீட்டர் ஓட்ட நினைப்பவருக்கு இதைவிட நல்ல வண்டியை நான் பார்க்கவில்லை.

பார் வைத்த பெரிய வண்டி ஆண்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் சித்தி புதுக்கோட்டைப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட ஏராளமான பெண்களில் அவரும் ஒருவர். அவர்கள் பலர் கற்றது பார் வண்டியில்தான். "முன்னால பாருல புள்ளைய உக்கார வச்சுக்கலாம், பின்னால குடத்தக் கட்டிக்கலாம்" என்பார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது ராலேயைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்தார். இடது காலை பெடலில் வைத்து இரண்டு எட்டு தள்ளினார், ஏறினார், தெருமுனை வரை போய்த் திரும்பினார். உயரம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சீட்டை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். 24 அங்குலம் ஒத்துவராவிட்டால் 22 அங்குல ஃப்ரேம் தேடுங்கள். அவையே அதிகம் கிடைக்கின்றன.

விளக்கு விஷயத்தில் மட்டும் பழமையை நான் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும், நகராட்சிக்கு வரி கட்டிய வில்லை வண்டியில் இல்லாவிட்டாலும் பிடிப்பார்கள். பெரியப்பா வண்டியின் ஹேண்டிலில் அந்த வில்லை ஒன்று இன்றும் இருக்கிறது. டைனமோவும் இருக்கிறது, டயரில் சாய்த்தால் எரிகிறது. ஆனால் வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். இன்றைய ரோட்டில் லாரிக்கும் பைக்குக்கும் நடுவில் அது போதாது. பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் கேரியரில் மாட்டியிருக்கிறேன். கழற்றினால் தடம் தெரியாது. வண்டி பழசாக இருப்பதைவிட ஓட்டுகிறவர் வீடு வந்து சேர்வது முக்கியம்.

அடைமழைக் காலம்தான் இந்த வண்டிக்குச் சோதனை. ஐப்பசி தொடங்கும் முன் பிரேக் கம்பிகளின் மூட்டுகள், பெடல் அச்சு, சீட் ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மட்கார்டின் உள்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்து அங்கிருந்துதான் துரு தின்ன ஆரம்பிக்கும், வெளியே தெரியும்போது ஓட்டையாகியிருக்கும். நனைந்த அன்றே உள்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். மழை பெய்கிறதே என்று இரண்டு மாதம் நிறுத்திவைக்காதீர்கள். நிற்கிற வண்டியில்தான் எண்ணெய் இறுகும், டயர் ஒரே இடத்தில் அழுந்தி வெடிக்கும். மழை விட்ட ஒரு மணி நேரம் கிடைத்தால் கடைத்தெருவரை போய்வாருங்கள்.

கழற்றிய பழைய பாகம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். தேய்ந்த கோன், வளைந்த கம்பி, உடைந்த பெல் மூடி எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். புதியது வாங்கப் போகும்போது அளவு பார்க்க அதுதான் உதவும். கோட்டர் பின் எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர் என்று கேட்டாலும் சாய்வு வெட்டு கடைக்குக் கடை மாறும், பழைய பின்னைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கும்பகோணத்திலேயே இப்போது நல்ல பின் வைத்திருக்கும் கடைகள் குறைந்துவிட்டன. ஆகவே நல்லது கண்ணில் பட்டால் இரண்டு ஜோடியாக வாங்கி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அந்த டப்பாவிலேயே போட்டு வையுங்கள்.